குழிநரி வளர்த்துப் பார்த்ததில் தெரிந்தவை

திண்ணை ஓரம், தாழ்வாரத்தின் அடி, மண்டபச் சுவரடி என மழைச்சாரல் படாத புழுதியில்தான் குழிநரியைத் தேட வேண்டும். புழுதியில் கூம்புக் குழி பறித்து, அதன் அடியில் பதுங்கி, சரிந்து விழும் எறும்பைப் பிடிக்கும் பூச்சிப் புழு அது. விரலால் கிளறினால் வயிறு நசுங்கிவிடும். பெரிய கரண்டியால் குழியை அடியோடு அள்ளி, தாளில் கொட்டிச் சலித்தால் புழு காயமில்லாமல் கிடைக்கும். தொட்டதும் செத்ததுபோல் கிடக்கும். சற்றுப் பொறுத்தால் பின்பக்கமாக நகரும்.

ஒரு கிண்ணத்துக்கு ஒரு புழுதான். இரண்டை விட்டால் பெரியது சிறியதைத் தின்றுவிடும். மாவுச் சல்லடையில் சலித்த நுண்மணலை வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, 5 அல்லது 6 செ.மீ. ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். பருமணல் வேண்டாம், தலையால் வீச முடியாத அளவுக்குக் கனக்கும். ஈரம் இருந்தால் மணல் ஒட்டிக்கொண்டு சரியாது. சரியாத குழியில் எறும்பு ஏறித் தப்பிவிடும். சுவரின் சரிவு மணல் தாங்கும் கடைசி எல்லையில், கிட்டத்தட்ட 30 பாகையில் நிற்பதால்தான் எறும்பு கால் வைத்ததும் சரிகிறது.

புழுவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் உடல் எதற்காக அமைந்தது என்று புரியும். உடல் மயிர்கள் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், பின்னால் புதைவது எளிது. இரை முன்னால் இழுத்தால் அதே மயிர்கள் மணலில் ஊன்றிக்கொள்ளும். அரிவாள் போன்ற தாடை ஒவ்வொன்றிலும் உள்பக்கம் மூன்று பற்கள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்ந்து நடுவில் ஒரு குழல் உண்டாகிறது. அதன் வழியே செரிமான நீரைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிவிட்டு, சக்கையை வெளியே எறிகிறது. நடுக்குடல் பின்குடலோடு திறந்து சேர்வதில்லை. ஆகவே புழுவாக இருக்கும் காலம் முழுவதும் மலம் கழிப்பதே இல்லை. கிண்ணம் கடைசிவரை சுத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1 செ.மீ. நீளப் புழுவுக்கு இரண்டு நாளைக்கு ஒரு சிறு எறும்பு போதும். பூச்சிமருந்து தெளித்த இடத்து எறும்பு வேண்டாம். கட்டெறும்பைச் சின்னப் புழுவிடம் போட்டால் வேட்டை தலைகீழாகிவிடும். தீனி குறைந்தால் புழு எளிதில் சாவதில்லை, வளர்ச்சிதான் நீளும். அதனால் புழுப் பருவம் சில மாதமும் ஆகலாம், இரண்டு மூன்று வருடமும் ஆகலாம்.

குழி திடீரென்று கவனிப்பாரற்றுத் தூர்ந்துபோனால் பயந்து தோண்டக் கூடாது. அடியில் தோல் உரித்துக்கொண்டிருக்கும். வயிறு தின்னத் தின்னப் பெருக்கும், ஆனால் கெட்டியான தலையும் தாடையும் தோல் உரிக்கும்போது மட்டுமே பெரிதாகும். அதனால் புழு எத்தனையாவது பருவத்தில், அதாவது எந்த இரு தோலுரிப்புக்கு நடுவில், இருக்கிறது என்பதைத் தலையின் அகலத்தை வைத்துச் சொல்வதே சரி. வயிற்றை வைத்துச் சொன்னால் தவறும்.

மூன்றாம் பருவத்துக்குப் பின் குழி மீண்டும் நின்றுபோனால் அது கூடு கட்டும் வேளை. பட்டுநூல் வாயிலிருந்து வருவதில்லை, வயிற்று நுனியிலிருந்து வருகிறது. கழிவுநீரைப் பிரிக்கும் மால்பீஜியன் குழல்களே இப்போது பட்டைச் சுரக்கின்றன. வெளியே மணல் ஒட்டிய, உள்ளே வெண்பட்டு வழவழக்கும் 1 செ.மீ. உருண்டை அது. கூட்டுப்புழு ஏறக்குறைய ஒரு மாதம் உள்ளே இருக்கும். திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். கிழிந்த கூட்டில் மணல் புகுந்து கூட்டுப்புழு வீணாகும்.

முக்கியமான வேலை இங்கேதான். இதுவரை மணலில் புதைந்து கிடந்ததற்கு இனி செங்குத்தாக ஏற இடம் வேண்டும். சொரசொரப்பான குச்சி ஒன்றை 15 செ.மீ. உயரத்துக்குச் சாய்த்து நட்டு, கிண்ணத்தைக் கொசுவலையால் உயரமாக மூட வேண்டும். கூட்டுப்புழு தன் தாடையால் கூட்டை அறுத்துப் பாதி வெளியே வந்ததும் பூச்சி உரிந்து வெளிப்பட்டு, குச்சியில் தொங்கிச் சிறகை விரிக்கும். குச்சி இல்லாவிட்டால் சிறகு மடங்கியபடியே காய்ந்துவிடும். அதற்கு மருந்தில்லை. இத்தனை காலம் அடக்கிய கழிவும் இப்போதுதான் சிறு கட்டியாக வெளியேறும்.

வெளிவந்த பூச்சியை ஊசித்தட்டான் என்று பலரும் நினைப்பார்கள். உணர்கொம்பைப் பாருங்கள்: தட்டானுக்கு மயிரிழை போலக் குட்டையாக இருக்கும், இதற்கு நீண்டு நுனி தடித்திருக்கும். சிறகு விறைத்த பின், அந்தி சாய்ந்ததும் புழுவை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வளர்ந்த பூச்சியைக் கூண்டில் வைத்துத் தீனி கொடுப்பது சிரமம். முட்டையிடுவதற்கும் பெண்பூச்சிக்கு அதே உலர்ந்த புழுதிதான் தேவை.