இம்ப்ளான்ட் இருக்கிறதா? நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்

மேமோகிராமுக்கு, அதாவது மார்பகப் புற்றுநோயைத் தேடும் எக்ஸ்ரேக்கு, நேரம் வாங்கும்போது மார்பில் இம்ப்ளான்ட் (உள்ளே வைத்துத் தைக்கும் செயற்கைப் பை) இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, மெஷின் முன்னால் நின்றபோதுதான் சொன்னேன். டெக்னீஷியன் கோபப்படவில்லை. "உங்களுக்கு இரண்டு மடங்கு நேரம் வேண்டுமே" என்று வேறு நாளுக்கு வரச் சொல்லிவிட்டார். தப்பு என்மேல்தான்.

இரண்டு மடங்கு ஏன் என்பது அடுத்த முறை புரிந்தது. மற்றவர்களுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு படம், நமக்கு எட்டு. சிலிக்கோனோ உப்புநீரோ, இம்ப்ளான்ட் எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழுந்து பின்னால் இருக்கும் திசுவை மறைத்துவிடும். அதனால் முதல் நான்கு படம் லேசாக அழுத்தி அப்படியே எடுக்கிறார்கள். அப்புறம் 1988-ல் எக்லண்ட் என்ற மருத்துவர் விவரித்த முறை. டெக்னீஷியன் விரலால் துழாவி இம்ப்ளான்ட்டின் விளிம்பைக் கண்டுபிடித்து, அதை நெஞ்சுப் பக்கம் தள்ளிக்கொண்டே சொந்தத் திசுவை முன்னால் இழுத்துப் பிடித்து, மேல்தட்டு இறங்கி அழுத்தும் கடைசி நொடியில் கையை உருவிக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடைந்துவிட்டால் என்ன செய்வது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வலித்தது, பொய் சொல்லமாட்டேன், ஆனால் சில நொடிதான். உடைவது மிக அரிது.

நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்திருந்தால் படம் எடுப்பது கொஞ்சம் சுலபம். சுற்றிலும் வடு இறுகிக் கல்லாகியிருந்தால் தள்ளவே வராது, கூடுதல் படமோ அல்ட்ராசவுண்டோ தேவைப்படலாம்.

நான் குழம்பிய இடம் ஒன்று உண்டு. சிலிக்கோன் சத்தமில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பரிந்துரைப்படி, வைத்து 5 அல்லது 6 வருடத்தில் ஒருமுறையும் பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்கவேண்டும். அதை எடுத்துவிட்டோமே, மேமோகிராம் எதற்கு என்று விடக்கூடாது. கிழிசலுக்கான எம்.ஆர்.ஐ. சாய ஊசி போடாமல் எடுப்பது, புற்றுநோயைத் தேட அந்த ஊசி வேண்டும். இரண்டும் வேறு வேலை.

இம்ப்ளான்ட்டால் சாதாரண மார்பகப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் அடுத்த மேமோகிராம் வரை காத்திருக்காதீர்கள். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டுகளைச் சுற்றி லிம்போமா என்ற ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் வருவதுண்டு, வீக்கத்தில் சேர்ந்திருக்கும் நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புற்றுநோய்க்காக மார்பகத்தையே எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குக் கதை வேறு. அந்தப் பக்கம் பெரும்பாலும் மேமோகிராம் கிடையாது, மறுபக்கத்துக்கு மட்டும்தான்.