கிளிப்புக்கு அடியில்

தூத்துக்குடியில் வண்டி வேலை பார்க்கிறவனுக்கு உப்பைத் தெரியாமல் இருக்க முடியாது. முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் உப்பளங்களை ஒட்டித் தினமும் போய்வருகிற காரைப் பட்டறைக் குழிக்கு மேல் நிறுத்தி அடியில் லைட் அடித்தால், ஐந்து வருட வண்டி பத்து வருட வண்டி மாதிரி இருக்கும். கதவில் துரு வந்தால் ஓனர் கண்ணிலேயே பட்டுவிடும். அடியில் ஓடி பிரேக் ஆயிலை வீலுக்குக் கொண்டுபோகிற பிரேக் பைப்பில் வந்தால் மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். ஒரு முறை நான் பார்க்கவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அடுத்த சில வாரங்கள் பட்டறை வாசலில் முங்கின வண்டிகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று ஆத்தூர் பக்கத்து டீச்சர் ஒருவருடையது. சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி இரண்டு நாள் நின்ற கார். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றினேன். பின் வீல் சிலிண்டரும் ஷூவும் புதிதாகப் போட்டேன். பிரேக் பைப்பைத் தண்ணீர் அடித்துக் கழுவி, துணியால் துடைத்துப் பார்த்தேன். மேல் பூச்சு பச்சையாகப் பளிச்சென்று இருந்தது. "பைப் நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்று சொல்லி அனுப்பினேன்.

மறு வருடம் செப்டம்பரில் அவர்களிடமிருந்து போன். "தம்பி, பிரேக் மிதிச்சா கால் உள்ள போகுது." ரயில்வே கேட் மூடியிருந்திருக்கிறது. மிதித்த மிதிக்கு வண்டி பாதிதான் கேட்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, முன்னால் நின்ற வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாதி பிரேக் எங்கிருந்து வந்தது என்றால், இப்போதைய கார்களில் பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு தனித்தனி சர்க்யூட், அதாவது ஆயில் போகும் வழி, போகும். பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் ஒரு வீலும் அதற்கு எதிர்மூலையில் பின் வீலும் ஒரு சர்க்யூட். ஒன்றில் ஆயில் போனால் மற்றது பிடிக்கும். பெடல் ஆழமாகப் போகும், நிறுத்தும் தூரம் கூடும். ஆனாலும் பிரேக் சுத்தமாக இல்லாமல் போகாது.

வண்டியை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டோ பண்ணிக் கொண்டுவந்தேன். பின்பக்கம், வலது வீலுக்கு உள்ளே, பைப்பைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கிளிப்பைச் சுற்றி மட்டும் மண் ஈரமாகக் கறுத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பினேன். இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் கிளிப் இருந்த இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பைப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். செதில் செதிலாக உதிர்ந்து, ஊசி முனை அளவு ஓட்டையில் பிரேக் ஆயில் துளி கட்டியது. வெள்ளத்து மண் அந்தக் கிளிப்புக்குள் ஒன்பது மாதமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. திறந்த இடம் காற்றில் காயும், கிளிப்புக்கு அடி காயாது. கிளிப்பைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும். அன்றைக்கு நான் கழற்றவில்லை. டீச்சரிடம் அதை அப்படியே சொன்னேன். கூலியும் வாங்கவில்லை.

பைப்பை மாற்றுவது என்று ஆனதும் அவர்கள் மகன் ஒரு கேள்வி கேட்டான். பைப் முடிந்து வீலுக்குப் போகிற இடத்தில் இருக்கும் வளையும் குழாய்க்கு ஹோஸ் என்று பெயர். அதில் ஸ்டீல் பின்னல் போட்டதை மாட்டினால் பிரேக் ஸ்ட்ராங்காகும் என்று வீடியோவில் பார்த்திருக்கிறான். அந்த ஹோஸ் நல்ல பொருள்தான். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் ஊதும், பின்னல் ஹோஸ் அவ்வளவு ஊதாது, அதனால் பெடல் கெட்டியாகத் தெரியும். ஆனால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைக் கடைசியில் டயர் பிடிமானம்தான் முடிவு பண்ணுகிறது. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் போய்வருகிற வண்டிக்கு நல்ல புது ரப்பர் ஹோஸே போதும். அதைத்தான் நாலு வீலுக்கும் மாட்டினேன். பழையதை அறுத்துப் பார்த்தால் ஒன்றில் உள்சுவர் ஊதித் துவாரம் பாதி அடைத்திருந்தது.

இனி பைப். எங்கள் பக்கம் சிலர் ஃபிரிட்ஜ் வேலைக்கு வருகிற செம்புக் குழாயை வளைத்துப் போட்டுவிடுவார்கள். விலை குறைவு, கையாலேயே வளையும். சுத்தச் செம்பு வண்டி அதிர்வில் நாளாக ஆக விறைத்து வெடிப்பு விடும். பிரேக்கில் அதைத் தொடவே கூடாது. நான் வரவழைத்தது குப்ரோ நிக்கல் பைப், 4.75 மில்லிமீட்டர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செம்பு, பத்துப் பங்கு நிக்கல். ஹார்பரில் கப்பல் ரிப்பேர் பார்க்கிற நண்பர் சுருளைக் கையில் எடுத்ததுமே, "இது எங்க கடல்தண்ணி லைன் பைப் ஆச்சே" என்றார். அதே இனம்தான். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற உலோகத்தை உப்புக் காற்றில் ஓடுகிற வண்டிக்குப் போட்டேன்.

இதில் பிளேர் அடிப்பதுதான், அதாவது ஜாயின்ட்டில் கசியாமல் உட்காரப் பைப் நுனியை விரித்து வடிவம் கொடுப்பதுதான், கை வேலை. ஆக்சா பிளேடால் அறுத்தால் பிசிறு உள்ளே விழும், கட்டரால்தான் வெட்ட வேண்டும். பழைய பைப்பின் நுனியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அடிப்பேன். நுனியை விரித்து உள்ளே மடக்கிய டபுள் பிளேர் உட்காரும் இடத்தில் குமிழ் மாதிரி உப்பிய பபிள் பிளேர் போனால், எவ்வளவு முறுக்கினாலும் கசியும். அடித்த ஒவ்வொரு நுனியையும் லைட்டில் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அடித்தேன்.

டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றி, நாலு வீலிலும் ஏர் எடுத்தேன், அதாவது லைனில் தங்கிய காற்றை வெளியேற்றினேன். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, பட்டறைப் பையனை பெடலை முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் செய்தித்தாள் துண்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றிலும் ஈரம் இல்லை.

அதற்குப் பிறகு, வெள்ளத்தில் முங்கியதாக என் நோட்டில் இருந்த வண்டிகளுக்கெல்லாம் போன் பண்ணினேன். "ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வாங்க அண்ணாச்சி, காசு வேண்டாம், கிளிப்பைக் கழற்றிப் பார்க்கணும்" என்றேன். வந்ததில் இரண்டு வண்டியின் பைப் கசியவில்லை, ஆனால் பொருக்குத் தட்டியிருந்தது. இரண்டையும் மாற்றிய பிறகே வெளியே விட்டேன். சிலர் போனையே எடுக்கவில்லை. அவர்கள் நம்பர்களைத் தனியாக எழுதி டூல் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறேன். இன்னும் மூன்று பாக்கி.