திரும்பி வரும் ஆர்டரை வைத்து மென்பொருளை அளப்பது

சிறிய இணையக் கடைகளுக்கு ஷாப்பிங் கார்ட், அதாவது பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட உதவும் மென்பொருள், அமைத்துக் கொடுப்பது என் வேலை. என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். மிஞ்சிப்போனால் கணவன், மனைவி என்று இருவர். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இருப்பதிலேயே மலிவான மென்பொருள் எது?" என்பதுதான். நியாயமான கேள்வி. முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. கையில் இருந்த பணமெல்லாம் சரக்கில் முடங்கிக் கிடக்கிறது. இருந்தாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. விலைப்பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, திரும்பி வரும் ஓர் ஆர்டரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறேன்.

ஒருவர் மூன்று பொருள்கள் வாங்குகிறார். விலை 100, 200, 300, மொத்தம் 600. கூப்பனில் 60 கழிகிறது, 540 கட்டுகிறார். பொருள்கள் போய்ச் சேர்ந்தபின், 200 விலையுள்ளதை மட்டும் திருப்பி அனுப்புகிறார். அவருக்கு எவ்வளவு தர வேண்டும்? கழிவை விலை விகிதப்படி பகிர்ந்தால் அந்தப் பொருளின் பங்கு 20. ஆகவே 180 தர வேண்டும். இந்தப் பகிர்வைச் செய்யாத மென்பொருள் 200-ஐ அப்படியே கொடுத்துவிடும். வரி விலைக்குள் அடங்கியதா, மேலே சேர்த்ததா என்பதைப் பார்த்து வரியையும் குறைத்துக் காட்ட வேண்டும். திரும்பிய பொருள் சரக்கிருப்பில் மறுபடி ஏற வேண்டும். உடைந்து வந்திருந்தால் ஏறக் கூடாது. 500-க்கு மேல் வாங்கினால் அனுப்பும் செலவு இலவசம் என்று அறிவித்திருக்கிறீர்கள். இப்போது அவர் கையில் நிற்பது 400 மதிப்புள்ள பொருள்தான். அனுப்பிய செலவை அவரிடம் பிடிப்பதா, விட்டுவிடுவதா? இதை மென்பொருள் தீர்மானிக்க முடியாது, கடைக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அவர் எடுத்த முடிவைப் பதிய மென்பொருளில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

விற்பதை எல்லா மென்பொருளும் ஒழுங்காகச் செய்கிறது. செயல்விளக்கத்தில் காட்டுவதும் அதைத்தான்: பொருளைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, நன்றிப் பக்கம் வரை போவது. தரம் தெரிவது திரும்பும் வழியில். முழுத் தொகையை மட்டுமே திருப்பத் தெரிந்த ஒரு மென்பொருளில், கடைக்காரர் பேமென்ட் கேட்வேயின் (வாங்குபவரிடம் பணத்தைப் பெற்றுக் கடைக்குச் சேர்க்கும் சேவை) தளத்துக்குள் தனியாக நுழைந்து 180-ஐ அனுப்புவார். மென்பொருளின் கணக்கில் 540 வந்தது 540-ஆகவே நிற்கும். மாதக் கடைசியில் இரண்டும் பொருந்தாது. பொருந்தாத கணக்கைத் தேடி இரவில் உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இரவுகளின் விலை எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. போதாக்குறைக்கு, பணத்தைத் திருப்பினாலும் விற்பனையின்போது பிடித்த கட்டணத்தைப் பல பேமென்ட் கேட்வேகள் திருப்பித் தருவதில்லை. பொருள்களை அடிக்கடி திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்கள் உள்ள தொழிலில், உடை விற்பவர்களுக்குக் குறிப்பாக, இது சிறிய தொகையாக நிற்பதில்லை.

இந்த ஆர்டரைப் பேசி முடித்த பிறகுதான் விலைக்கு வருகிறோம். சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மாதச் சந்தா கட்டி அவர்கள் சர்வரிலேயே கடையை நடத்துவது. மற்றொன்று, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளை இறக்கி, நாம் வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்தில் (ஹோஸ்டிங்) நிறுவிக்கொள்வது. இரண்டாவது வகையில் பல பெயர்கள் உண்டு. ஓஎஸ்காமர்ஸ் 2000-இல் வந்தது; 2011-இல் வெளியான வூகாமர்ஸ், இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் மேல் ஓடுகிறது; பிரெஸ்டாஷாப், ஓப்பன்கார்ட் ஆகியவையும் இந்த வழியில் வந்தவை. முதல் வகையில் பெரிய பெயர் ஷாப்பிஃபை. அதன் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. டோபியாஸ் லூட்கேயும் அவர் நண்பர்களும் பனிச்சறுக்குப் பலகை விற்கும் சிறு கடை ஒன்றை இணையத்தில் தொடங்கினார்கள்; இருந்த மென்பொருள்கள் திருப்தி தராததால் தாங்களே ஒன்றை எழுதினார்கள்; அது 2006-இல் தனிச் சேவையானது. இவ்வளவு பெரிய நிறுவனத்தின் தொடக்கம் ஒரு சிறு கடைக்காரரின் மனக்குறை. ஆகவே, தன் கடைக்கு எது பொருந்தவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நான் தள்ளிவிடுவதில்லை.

இலவச மென்பொருளில் நிரலுக்குத்தான் விலை கிடையாது. ஹோஸ்டிங்குக்கு உண்டு, கடையின் தோற்றத்தைத் தரும் தீமுக்கும், கூடுதல் வசதிகளைத் தரும், ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டிய பிளகின்களுக்கும் உண்டு. பேக்கப் எடுக்கவும், அப்டேட் செய்தபின் கடை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கவும் யாராவது நேரம் செலவிட வேண்டும். சந்தாச் சேவையில் இந்த உழைப்பு இல்லை. ஆனால் சிலவற்றில் அவர்களுடைய கேட்வேயை விட்டு வேறொன்றைப் பயன்படுத்தினால் விற்பனையில் ஒரு சதவீதக் கணக்கில் கட்டணம் பிடிப்பார்கள். 2 சதவீதம்தானே என்று கடந்துபோகிறவர்களிடம் நான் லாப விகிதத்தைக் கேட்பேன். 20 சதவீதம் லாபம் என்றால், விற்பனையில் 2 சதவீதம் என்பது லாபத்தில் பத்தில் ஒரு பங்கு. மாதச் சந்தா நிலையான தொகை. இந்தக் கட்டணமோ கடை வளர வளரக் கூடவே வளரும்.

பொருளின் வகைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சட்டை 6 அளவு, 6 நிறம், 3 விதமான கை என்றால் 108 வகை. ஷாப்பிஃபையில் நெடுங்காலம் ஒரு பொருளுக்கு 100 வகைகள்தான் என்ற வரம்பு இருந்தது, இப்போது உயர்த்தியிருக்கிறார்கள். எந்தச் சேவையானாலும் இப்படி ஒரு வரம்பு எங்கோ இருக்கும். பணம் கட்டும் முன் அதைத் தேடிப் படிப்பது நல்லது.

அடுத்து நான் சோதிப்பது, பணம் வந்தது கடைக்கு எப்படித் தெரிகிறது என்பதை. வாங்குபவர் கேட்வேயின் பக்கத்தில் பணம் கட்டிவிட்டு, கடைக்குத் திரும்பும் முன் பிரவுசரை மூடிவிடுகிறார், அல்லது அவர் போனில் சிக்னல் போய்விடுகிறது. அவர் திரும்பி வருவதை நம்பியே ஆர்டரை உறுதி செய்யும் மென்பொருளில், பணம் போயிருக்கும், ஆர்டர் நிலுவையில் நிற்கும். கேட்வேயின் சர்வர் கடையின் சர்வருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் முறைக்கு வெப்ஹூக் என்று பெயர். அது இருந்தால் வாங்குபவர் எங்கே போனாலும் ஆர்டர் உறுதியாகும். அந்தச் செய்தி சில நேரம் இருமுறை வரும். இரண்டாவது வரவை அடையாளம் கண்டு, சரக்கிருப்பை மறுபடி கழிக்காமல் இருக்க மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு, ஆர்டர் வரவில்லை என்ற பதிலைக் கேட்கும் வாடிக்கையாளரின் பதற்றத்தை ஒருமுறை தொலைபேசியில் கேட்டவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்க மாட்டார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை என் நிலை உறுதியானது: கார்டு எண்ணைத் தட்டும் கட்டம் சிறிய கடையின் சர்வரிலிருந்து வரவே கூடாது. கேட்வேயின் பக்கத்துக்கே அனுப்பிவிட வேண்டும், அல்லது அவர்களிடமிருந்து வரும் சட்டகத்துக்குள் அது இருக்க வேண்டும். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் கார்டு விவரங்கள் திருடப்பட்டபோது, திருடர்கள் நுழைத்திருந்த ஸ்கிரிப்ட் வெறும் 22 வரிகள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தார்கள். பாதுகாப்புக்கென்றே தனிக் குழு வைத்திருக்கும் நிறுவனத்துக்கே அது நடந்தது. கார்டுத் தரவுப் பாதுகாப்புக்கான பிசிஐ விதிகளும், கார்டு விவரத்தைத் தொடாத கடைக்கு மிகச் சுருக்கமான படிவத்தையே கேட்கின்றன. பொறுப்பும் குறைகிறது, வேலையும் குறைகிறது.

தமிழில் கடை நடத்துபவர்களுக்கு இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. பெரும்பாலான ஒப்பீடுகளில் இவை வருவதே இல்லை. முதலாவது, பிடிஎஃப் ரசீது. திரையில் அழகாகத் தெரியும் பொருளின் பெயர் ரசீதில் சிதைந்து வரும். 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ரசீதை உருவாக்கும் நிரல் தமிழ் எழுத்துகளை உரிய வரிசையில் கோக்கத் தெரியாதது என்பதே காரணம். எழுத்துருவை மாற்றினால் மட்டும் சரியாகாது. எம்பிடிஎஃப் போன்ற சில நிரல்கள் இதைச் சரியாகச் செய்கின்றன, சில செய்வதில்லை. இரண்டாவது, ஆர்டர் உறுதிச் செய்தி. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 தான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். இரண்டு வரி நன்றி எழுதினால் அது இரண்டு, மூன்று செய்திகளின் கட்டணமாகிவிடும். தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் மொழியில் ரசீது கொடுப்பது ஒரு மரியாதை. செய்தியைச் சுருக்கி எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வெளியேறும் வழியையும் உள்ளே நுழையும் முன்பே பார்த்துவிட வேண்டும். மெஜென்டோ என்ற கடை மென்பொருளின் முதல் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜூனில் நின்றது. இரண்டாம் பதிப்பு அடியோடு மாற்றி எழுதப்பட்டது என்பதால் பழைய தீம்களும் நீட்சிகளும் அதில் வேலை செய்யவில்லை. அந்தக் கடைகளுக்கு அப்டேட் என்பது வீடு மாறுவதைப் போன்ற வேலையாகிவிட்டது. எந்த மென்பொருளுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். பொருள்களை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கப் பெரும்பாலானவர்கள் அனுமதிப்பார்கள். பழைய ஆர்டர்கள், வாடிக்கையாளர் முகவரிகள், பொருள்களுக்கு வந்த மதிப்புரைகள் ஆகியவையும் இறங்குகின்றனவா என்று பாருங்கள். கடவுச்சொற்கள் பெரும்பாலும் கூட வராது. வாடிக்கையாளர்கள் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பொருள் பக்கங்களின் முகவரிகள் மாறினால், பழையதிலிருந்து புதியதற்குத் தானாகவே அனுப்பிவைக்கும் 301 வழிமாற்று வைக்காதவரை தேடுபொறியிலிருந்து வருபவர்கள் காலிப் பக்கத்தில் போய் முட்டிக்கொள்வார்கள்.

இவ்வளவும் பேசியபின் நான் என்ன பரிந்துரைக்கிறேன்? சர்வரைக் கவனிக்க ஆள் இல்லாத கடைக்குச் சந்தாச் சேவை. விலை கூடுதலாகத் தெரிந்தாலும் அதுவே மலிவு. குடும்பத்திலோ நட்பிலோ நிரல் தெரிந்த, தொடர்ந்து உடனிருக்கக்கூடிய ஒருவர் இருந்தால் வூகாமர்ஸ். 'தொடர்ந்து' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆரம்ப உற்சாகத்தில் உதவிவிட்டு வேலை மாறிப் போய்விடும் நண்பரை நம்பி இந்த முடிவை எடுக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பொருள்களை மட்டும் விற்பவருக்கு, ஆர்டர்களும் கைவிரலில் எண்ணக்கூடியவை என்றால், கார்ட் மென்பொருளே இப்போதைக்குத் தேவையில்லை. கேட்வே தரும் பேமென்ட் லிங்க்கும் ஓர் எளிய படிவமும் போதும். இதைச் சொன்னால் எனக்கு வேலை இல்லாமல் போகிறது என்பது உண்மைதான். ஆனாலும் தேவையில்லாததை ஒருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வருவதில்லை. விற்பனை பெருகும்போது அவர் திரும்பி வரட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், திறப்பதற்கு முன் கடைக்காரரையே உண்மையான பணத்தில் வாங்க வைத்து, ஒரு பொருளைத் திருப்ப வைக்கிறேன். சோதனை முறையில் தெரியாத பல விஷயங்கள் அதில் வெளிப்படும்: பணம் கணக்கில் சேர எத்தனை நாள் ஆகிறது, எவ்வளவு பிடித்தார்கள், ரீஃபண்ட் மின்னஞ்சல் எந்த வார்த்தைகளில் போகிறது என்பதெல்லாம். கூடவே, டொமைன் பெயர் (கடையின் இணைய முகவரி), கேட்வே கணக்கு, மென்பொருளின் நிர்வாகி உரிமை மூன்றும் அவர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றனவா என்று அவர் கண் எதிரிலேயே சரிபார்க்கிறேன். அமைத்துக் கொடுத்த என் பெயரில் இவற்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.