செவலைக்கு ஐந்து ஊசி

தெருநாய் செவலைக்கு ரத்தம் சொட்டுவதை முதலில் கவனித்தது எங்கள் தெரு இஸ்திரி அக்காதான். "பருவத்துக்கு வந்திருக்கும் தம்பி, பத்து நாள்ல நின்னுடும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. ஒருநாள் தள்ளுவண்டிக்கு அடியில் அவள் மல்லாந்து தூங்கும்போது பார்த்தால், காலிஃபிளவர் பூவின் சின்னத் துண்டுபோல் சிவப்பாக ஒரு சதை பிதுங்கியிருந்தது. இது 2025 ஜூலையில்.

சென்னை அயனாவரத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றும் தூரமில்லை. ஆனால் நாய் என்றதும் நான்கு ஆட்டோக்கள் நிற்காமல் போய்விட்டன. ஐந்தாவது அண்ணன் "கோணி விரிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார். அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சீட்டு போடும்போது உரிமையாளர் பெயர் கேட்டார்கள். தெருநாய் என்றேன். யார் பெயராவது வேண்டும் என்றார்கள். நான்கு வருடமாக தினமும் ஒரு பொறை போட்டதைத் தவிர நான் அவளுக்கு யாருமில்லை. சரி, என் பெயரையே கொடுத்தேன்.

டாக்டர் கட்டியில் கண்ணாடித் தகட்டை ஒற்றியெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு "டி.வி.டி." என்றார். எனக்குப் படம் போடும் டிவிடிதான் ஞாபகம் வந்தது. இது ஆங்கிலத்தில் TVT என்று எழுதும் வேறு சமாச்சாரம். இணைசேரும்போது நாய்க்கு நாய் ஒட்டும் புற்றுநோய். பரவுவது கிருமி இல்லை, புற்றுநோய் செல்களே இடம் மாறிப்போய் வளர்கின்றன. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு நாய்க்கு வந்த கட்டி, அந்த நாய் செத்த பிறகும் இன்றுவரை நாய் மாறி நாய் உயிரோடு இருக்கிறதாம். நமக்கெல்லாம் ஒட்டாது. நான் பயந்ததைப் பார்த்து, இது பெரும்பாலும் குணமாகிவிடும் புற்றுநோய் என்றார். மருந்தின் பெயர் வின்கிறிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. அக்காவிடம் சொன்னபோது "அந்த சுடுகாட்டு மல்லியா!" என்று வாயில் கைவைத்தார்.

வாரம் ஒரு ஊசி. நரம்பில் ஏற்ற வேண்டும், கொஞ்சம் வெளியே கசிந்தாலும் அந்த இடம் புண்ணாகிவிடும், அதனால் அவள் அசையக் கூடாது. ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தம் பார்ப்பார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் அந்த வாரம் ஊசி கிடையாது.

இத்தனை வாரமும் ஒரு காப்பகத்தில் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் போய்ப் பார்த்தேன். ஒரே கூண்டில் ஏழெட்டு நாய்கள், பக்கத்தில் ரத்தக் கழிச்சலோடு குட்டிகள். அங்கிருந்த பையன்கள் பாவம், இரண்டு பேர் எத்தனை நாய்களைத்தான் பார்ப்பார்கள்? எதிர்ப்புச் சக்தி குறையப்போகும் நாயை அங்கே விட மனம் வரவில்லை. வீட்டில் வைக்க ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை. ஆக, அவள் தெருவிலேயே இருப்பாள், வியாழக்கிழமை மட்டும் பிடித்துக்கொண்டு போவது என்று முடிவானது.

முதல் வாரம் பொறையைக் காட்டியதும் வாலாட்டிக்கொண்டு வந்தாள். பெட்ஷீட்டைப் போர்த்தித் தூக்கினேன். இரண்டாவது வாரம் பொறையைப் பார்த்தாள், அப்புறம் என் இன்னொரு கையைப் பார்த்தாள். மூன்றாவது வாரம் ஓடினாள். மடக்கிப் பிடித்ததில் அவள் பல் என் மணிக்கட்டில் கீறிவிட்டது. குழாயடியில் பதினைந்து நிமிடம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, நேராக அரசு மருத்துவமனை. வெறிநாய்க்கடி ஊசிக்கு 0, 3, 7, 28 என்று எனக்கும் நாள் குறித்தார்கள். அவளைக் கொஞ்சமும் குறை சொல்ல முடியாது. நான்கு வருடம் கொடுத்த பொறையை நான்தான் தூண்டில் புழுவாக்கியிருந்தேன்.

நான்காவது வாரம் வெள்ளை அணுக்கள் குறைந்து வெறுங்கையோடு திரும்பினோம். இரண்டு நாள் அவள் எதுவும் தின்னவில்லை. அந்த வாரம்தான் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டீக்கடையில் அதே பேச்சு. "அப்படிப் போட்டாத்தாங்க அதுங்களுக்கும் நிம்மதி" என்றார் ஒருவர். கடிபட்ட கையோடு நின்ற எனக்கு அவர் பயம் புரியாமல் இல்லை. ஆனால் அவர் அந்தக் கூண்டைப் பார்த்ததில்லை. 22-ஆம் தேதி அந்த உத்தரவை மாற்றி, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள்.

ஐந்தாவது ஊசி முடிவதற்குள் கட்டி சுருங்கி, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. உடம்பு தேறட்டும் என்று ஒரு மாதம் விட்டுவிட்டு, கருத்தடைக்காக மாநகராட்சியின் 1913-க்கு போன் செய்தேன். இந்த முறை வலையோடு வந்தது மாநகராட்சி ஆட்கள். நான் மாடியில் ஒளிந்துகொண்டேன். சில நாள் கழித்து அதே இடத்தில் இறக்கிவிட்டார்கள், காதில் ஒரு சின்ன வெட்டு அடையாளத்தோடு.

யாராவது இந்த வேலையில் இறங்கினால் ஒன்று சொல்வேன். சோறு போடுகிற ஆள் பிடிக்கப் போகாதீர்கள், வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். அக்கா கையிலிருந்து செவலை இன்றும் வாங்கித் தின்கிறாள். நான் பொறையைத் தரையில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றால்தான் வருகிறாள். ஆட்டோ அண்ணன் கதைதான் இன்னும் மோசம். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே போதும், தெருமுனை வரை துரத்திவிட்டுத்தான் திரும்புகிறாள்.