பழைய பங்குக் கோயில் கிராதி: அரக்குப் பூச்சைச் சுரண்டாமல் மீட்டல்

வேலைக்கு எடுத்தது யாழ்ப்பாணத்துப் பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்றின் நற்கருணைக் கிராதி, அதாவது நற்கருணை வாங்க மக்கள் முழந்தாளிடும், பீடத்தின் முன்னுள்ள தடுப்பு. முதிரை மரம், இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் 5 அடி 4 அங்குல நீளம், 2 அடி 3 அங்குல உயரம், இரண்டிலும் சேர்த்து 26 கடைசல் கால். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு நின்றபடி நற்கருணை வாங்கும் வழக்கம் வந்ததும் பல கோயில்களில் கிராதி கழற்றப்பட்டது. சில பாடகர் மேடைக்குத் தடுப்பாயின, சில விறகாயின. இது சுவரோரம் சாத்தப்பட்டு, மேலே பச்சை எனாமல் பூசப்பட்டுக் கிடந்தது.

கிராதி, வாங்கு, கதிரை, அலுமாரி, யன்னல் எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள். அதை வைத்துத் தளபாடத்தையும் போர்த்துக்கேயர் காலத்தது என்று சொல்லிவிடக் கூடாது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் கத்தோலிக்கக் கோயில்கள் பறிக்கப்பட்டன. ஒல்லாந்தரின் சீர்திருத்த சபை வழிபாட்டில் இப்படியான கிராதிக்கு வேலையே இல்லை. காலத்தை ஆணியிடம்தான் கேட்க வேண்டும். இதிலிருந்து கழற்றிய திருகாணிகளின் முனை கூர். கூர்முனைத் திருகாணி 1850ஐ ஒட்டித்தான் பரவியது. ஆணி பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் மூட்டுக்குள் ஒளிந்திருந்ததையும் எடுத்துப் பார்த்தோம், அதுவும் கூர்முனைதான். ஆகவே கிராதி போர்த்துக்கேயர் காலத்தது அல்ல.

முதற்கிழமை: உளி, சீவுளி எதையும் தொடமுன் காந்தத்தை மரம் முழுக்க ஓட்டினோம். யாழ்ப்பாணத்துக் கோயில் மரத்தில் இதைத் தவறவிடக் கூடாது. மேற்கைப்பிடியில் மூன்று இடத்தில் காந்தம் ஒட்டியது. இரண்டு உடைந்த ஆணி, ஒன்று போர்க்கால ஷெல் சிதறல். சிதறல் துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும் என்பதால் எடுத்தோம். ஓட்டையை மட்டும் மூடவில்லை. அந்த வடுவும் கோயிலின் வரலாறு. நிரப்பி மறைக்க யாருக்கும் உரிமையில்லை என்பது எங்கள் முடிவு.

பிறகு பூச்சுச் சோதனை. கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் பச்சையை ஒரு சதக் காசளவுக்குக் கூர்க்கத்தியால் தூக்கி, கீழே தெரிந்த பழுப்புப் பூச்சில் ஒரு சொட்டு மெதிலேற்றட் ஸ்பிரிட். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் அரக்கு (shellac). ஸ்பிரிட்டுக்கு அசையாமல் டின்னருக்கு (thinner) இளகினால் லக்கர் (lacquer) என்ற செயற்கைப் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பிற்காலப் பூச்சு. இங்கே அரக்கு. இந்த ஒரு சொட்டுத்தான் மீதி வேலை முழுவதையும் தீர்மானித்தது. அரக்கு ஸ்பிரிட்டில் திரும்பக் கரையும்; ஆகவே வெடித்து முதலைத்தோல் போலானதையும் உரித்தெறியாமல் இளக்கி ஓடவிட்டு மட்டமாக்கலாம். மண்கடதாசி போட்டிருந்தால், எத்தனையோ தலைமுறை கைபட்டு வந்த மெருகு அரை மணியில் போயிருக்கும்.

இரண்டாம், மூன்றாம் கிழமை: பச்சையை எடுத்தது. பழைய எனாமலில் ஈயம் இருக்கக் கூடும். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தெளித்து, ஓரம் மழுக்கிய சுரண்டியால் தூக்கினோம். இங்கே எனாமல் அரக்கின் மேல் இறுகப் பிடித்திருக்கவில்லை. தட்டையான இடத்தில் செதில் செதிலாக வந்தது. கடைசல் கால்களின் பள்ளங்களில் வரவில்லை. சூடான காற்று ஊதும் சூட்டுத் துப்பாக்கி வைத்துப் பார்த்தது பிழை: அரக்கு சுமார் 75 பாகை செல்சியஸில் இளகும், பெயின்ற் அதற்கு மேலே. கீழிருந்த பூச்சு குழம்பி இரண்டும் சேர்ந்து வழிந்தன. ஒரு கால் அப்படிக் கெட்டது. மீதி 25க்கும் மூங்கில் சீவலைக் கூராக்கி, நுனியில் ஸ்பிரிட் தொட்டுக் குடைந்தோம். ஒரு காலுக்கு 50 நிமிடம். முதிரைத் தூள் தோலில் அரிப்பும் சொறியும் உண்டாக்கும். முகமூடியோடு முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

மெழுகுதிரி வழிந்த இடங்களில் ஐஸ் கட்டியை பைக்குள் வைத்துப் பத்து நிமிடம் அழுத்தினால் மெழுகு நொறுங்கும். மீந்த பிசுக்கை டர்பன்டைனில் துடைக்க வேண்டும். மெழுகு சிறிது இருந்தாலும் புது அரக்கு அங்கே மீன்கண் போலச் சுருங்கி விலகும். அப்படி நான்கு இடத்தில் விலகி, திரும்பத் துடைத்தோம்.

ஆடிய மூட்டுகளில் பழைய வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சும் பசை). நல்ல காலம், முன்பு யாரும் வெள்ளைப் பசை விடவில்லை. விட்டிருந்தால் வச்சிரம் அதன்மேல் பிடிக்காது. 60 பாகைத் தண்ணீரை ஊசியால் மூட்டுக்குள் விட்டதும் கழன்றது. புது வச்சிரம்: வச்சிர மணி ஒரு பங்கு, தண்ணீர் ஒன்றரைப் பங்கு, இரவு ஊறவிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60–65 பாகை. அதற்கு மேல் நெடுநேரம் வைத்தால் பிடி போய்விடும். நம் வெக்கையில் வச்சிரம் இறுக நேரமெடுக்கும். பூட்டி இறுக்கியதை 24 மணித்தியாலம் தொடக் கூடாது.

நான்காம் கிழமை அரக்கு. ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் அரக்குச் செதில், இரவு ஊறவிட்டுத் துணியில் வடித்தது. இதில் ஒரு பங்கும் தனி ஸ்பிரிட் மூன்று பங்கும் கலந்து பழைய பூச்சின் மேல் தூரிகையால் ஒரே இழுப்பு. திரும்ப இழுத்தால் இளகிய பூச்சு தூரிகையோடு வந்துவிடும். மறுநாள் வெடிப்புகள் பெரும்பாலும் அடைந்திருந்தன. அதன் மேல் ஒரு லீற்றருக்கு 200 கிராம் கலவையில், பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் கட்டி எட்டுத் தடவை. துணி இழுபடாமலிருக்க ஒரு சொட்டுப் பரபின் எண்ணெய் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், சிக்கெடுக்கும். கலவையைத் தேவைக்கு மட்டும் கரைக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிய கரைசல் உலராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் திரியோ விளக்கோ எரியக் கூடாது.

மாரிக் காற்றில் ஒருநாள் பூசியது வெள்ளை பூத்தது. உலரும் அரக்குக்குள் ஈரம் புகுந்ததால் வந்தது. ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் மேலோட்டமாக வருடியதில் தெளிந்தது. அதன்பின் காலை பத்து மணிக்கு முன் பூசவில்லை.

அடிக்கால்கள்தான் இன்னும் கவலை. தரையடி சுண்ணாம்புக்கல், ஈரம் ஏறும். கடற்காற்று உப்பும் சேரும். ஒவ்வொரு அடிக்காலுக்கும் 6 மில்லிமீற்றர் றப்பர்த் துண்டு வெட்டி வைத்து, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளியிருக்கிறது. ஒரு அடிக்காலின் கீழே கறையானின் பழைய தடம். புது மண் இல்லை, மாதமொருமுறை பார்க்க வேண்டும். சூட்டில் கெட்ட கடைசல் காலை முழுதாக உரித்து முதலிலிருந்து பூச வேண்டியிருக்கிறது. அதன் நிறம் மற்ற 25உடன் சேரும்வரை கிராதி பீடத்தின் முன் போகாது.