கடைவாய்

ஜூன் 3

பக்கவாதத்தில் படுத்திருக்கிற அப்பாவை, அவர் தூங்கும்போது வரைந்தேன். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. கடைவாய் வரவில்லை.

ஜூன் 4

மறுபடியும் கடைவாய். அழித்து அழித்து அந்த இடத்தில் மட்டும் தாள் பஞ்சாகிவிட்டது.

ஜூன் 6, இரவு

முகத்துக்கு என்று சொல்லித்தரும் அளவுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும். முடி மூடிய மண்டையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால்தான் வரையத் தொடங்குகிற எல்லோரும் கண்ணை மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள். நேராகப் பார்க்கிற தலையின் அகலத்துக்குள் ஐந்து கண்கள் அடங்கும். இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கண் இடைவெளி. காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில். தலை வரையச் சொல்லித்தந்த அமெரிக்க ஓவியர் லூமிஸின் முறையில் முதலில் ஒரு பந்து, இரண்டு பக்கமும் அதைச் சீவி எடுத்து, நெற்றியிலிருந்து முகவாய்க்கு ஒரு நடுக்கோடு. தலை திரும்பினால் அந்தக் கோடு வளையும், மற்றதெல்லாம் கூடவே வரும்.

அந்த நடுக்கோடு ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படி. அப்பாவின் முகத்தில் அது நெற்றி வரைக்கும்தான் உண்மை. டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னபோது நெற்றிச் சுருக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தது. முகத்தின் மேல்பகுதிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருமாம், கீழ்ப்பகுதிக்கு எதிர்ப்பக்கத்துப் பாதியிலிருந்துதான் முக்கியமாக வரும். ஆக, மூக்குக்கு மேலே பழைய அப்பா. கீழே, மூக்கோரத்திலிருந்து கடைவாய்க்கு இறங்கும் மடிப்பு இடது பக்கம் ஆழமாக இருக்கிறது, வலது பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி.

கை இன்னும் பழைய முகத்தையே போடுகிறது. அந்த மடிப்பை இரண்டு பக்கமும் சமமாக இழுத்த பிறகுதான் கண் பார்க்கிறது.

ஜூன் 7

"ஏன்டா இப்படி இருக்கிறப்போ வரையற? பழைய போட்டோ எவ்வளவு இருக்கு, அதைப் பார்த்து வரையேன்" என்றாள் அக்கா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல இருந்தது இதுதான். போனைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஓடிவிடும். நிழல் முழுக்க ஒரே கறுப்பாகக் கிடக்கும். நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள்ளேயே கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது என்று தெரியும். அப்புறம், போட்டோவில் இருக்கிற அப்பாவை எனக்குப் பார்க்கவே முடியவில்லை.

ஜூன் 8

பயிற்சி கொடுக்க ஆள் வந்தார். அப்பா நிறைய பேசினார். யாருக்கும் புரியவில்லை. படம் இல்லை.

ஜூன் 10

இன்று கைகள்.

மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் உள்ள நீளமும், முகவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரைக்கும் உள்ள நீளமும் ஏறக்குறைய ஒன்று. நம் சிற்ப நூல்களின் தாளக் கணக்கும் இந்த அளவிலிருந்து வருவதுதான். ஒரு தாளம் 12 அங்குலம் (இன்ச் இல்லை, சிலையின் அளவுக்கேற்ப மாறும் அலகு), ஒன்பது தாளம் உள்ள நவதாளச் சிலை 108 அங்குலம், பத்துத் தாளக் கணக்கில் பெரியதான உத்தம தசதாளம் 124. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் முகம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, கையும் அதே அளவு என்றுதான் எழுதி வைத்தார். எங்கோ எங்கோ இருந்தவர்கள் ஒரே மாதிரி கையைத் தூக்கி முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நானும் அப்பாவின் வலது கையைத் தூக்கி அவர் முகத்தின் மேல் வைத்தேன். கனமாக இருந்தது. உள்ளங்கையின் அடி முகவாயில், நடுவிரல் சரியாக முடி ஓரத்தில். விரல்களுக்கு நடுவே என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கும்போது இடது கன்னம் மட்டும் மேலே ஏறுகிறது, வலது அப்படியே நிற்கிறது. கோணல் சிரிக்கும்போதுதான் அதிகம் தெரிகிறது. அவசரமாக நாலைந்து கோட்டில் பிடித்தேன். இத்தனை நாளில் அவரைப் போல இருக்கிற படம் அதுதான், கண்ணே போடவில்லை.

கையை விரல் விரலாகத் தொடங்கக் கூடாது. உள்ளங்கை ஒரு கட்டை, நான்கு விரலும் சேர்ந்து ஒரு தகடு, கட்டைவிரல் தனி ஆப்பு. விரல் முட்டிகள் ஒரு வளைவில் நிற்கும், நேர்கோட்டில் நிற்காது. இடது கையில் அந்த வளைவு பளிச்சென்று தெரிகிறது. வலது கையில் வீக்கம், முட்டி இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் குழிகள்.

ஜூன் 11

காய்ச்சல் அவருக்கு. ராத்திரி முழுக்க.

ஜூன் 13

இறங்கிவிட்டது.

ஜெர்மன் ஓவியர் டியூரர் தன் அம்மாவை வரைந்த கரிப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1514, மார்ச். நெற்றிக் கோடுகள், துருத்திய கன்ன எலும்பு, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பார்க்கிற கண்கள், கழுத்தில் கயிறு கயிறாக நரம்பு. ஒன்றையும் மெழுகவில்லை. அத்தனையும் போட்டும் அதில் இரக்கமில்லாத கோடு ஒன்றுகூட இல்லை. எப்படி என்று எவ்வளவு நேரம் பார்த்தும் பிடிபடவில்லை. அழுத்திய இடத்தில் எல்லாம் எலும்பு இருக்கிறது. எலும்பு இல்லாத இடத்தில் கரி லேசாகத்தான் பட்டிருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

படத்திலேயே, அம்மாவுக்கு வயது 63 என்று எழுதியிருக்கிறார். பிறகு மையால் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார். அந்த மே மாதம் அந்த அம்மா இறந்துபோனார்.

மூடிவிட்டேன். இனி என் படங்களுக்குக் கீழே வயது எழுதுவதில்லை.

ஜூன் 14

கடைவாய் இன்று கொஞ்சம் பிடிபட்டது.

படுத்திருக்கும்போது ஒன்று வருகிறது, உட்காரவைத்தால் வேறு ஒன்று வருகிறது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். படுத்தால் கன்னத்துச் சதை காதுப் பக்கம் சரிகிறது, கோணல் பாதி மறைந்துவிடுகிறது. உட்கார்ந்தால் கீழே இழுக்கிறது. இரண்டும் இரண்டு முகம். உட்கார்ந்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், இடது பக்க ஜன்னல் வெளிச்சத்தில்.

உதட்டைச் சுற்றிக் கோடு போட்டால் செத்துப்போகும். மேலுதடு கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால் இருட்டு, கீழுதடு வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், அதற்கு அடியில் ஒரு நிழல். இரண்டு உதடும் சேரும் கோடுதான் எல்லாவற்றிலும் அடர்த்தி, அதுவும் ஒரே சீராக இல்லை. கடைவாய் என்பது கோடு முடியும் புள்ளி கிடையாது. பல தசைகள் வந்து முடிச்சுப்போடும் இடம் அது. இடது பக்கம் அந்த முடிச்சு இறுக்கமாக இருக்கிறது, நிழல் சின்னதாக, கூர்மையாக விழுகிறது. வலது பக்கம் முடிச்சு இறங்கி, நிழல் முகவாய் வரைக்கும் மெல்லப் பரவுகிறது. 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன், கோடே போடாமல். வந்தது!

அந்த ஓரத்தில் எச்சில் ஒரு பொட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதைத் தாளில் விட்டுவைக்க நினைத்தேன். அதற்குள் அம்மா வந்து துடைத்துவிட்டாள்.

ஜூன் 15

"என்னை ஒரு நாளாவது வரைஞ்சிருக்கியா?" என்றாள் அம்மா.

ஜூன் 16

அம்மாவை வரைய முடியாது. உட்கார மாட்டாள். முதுகு மட்டும் கிடைத்தது, குனிந்த முதுகு, மறுபடி மறுபடி.

ஜூன் 17

நின்றார்!

நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் பயிற்சியாளர். நான் பென்சிலோடு மூலையில். அரை நிமிடம்கூட இருக்காது.

வளர்ந்தவர் உயரம் ஏழு, ஏழரைத் தலை. எட்டு என்பது அழகுக்காகக் கூட்டிப் போடுவது. அப்பா கூனி நின்றதில் ஆறரைகூட வராது. இயல்பாக நிற்கிறவர் ஒரு காலில் எடையைப் போட்டால் கழுத்துக்குழிக்கு நேர் கீழே அந்தக் காலின் கணுக்கால் வரும், அந்தப் பக்க இடுப்பு ஏறும், தோள் இறங்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டை மனதில் தொங்கவிட்டுப் பார்த்தால் போதும். அப்பாவுக்கு அந்தக் குண்டு எந்தக் காலிலும் விழவில்லை, இரண்டு காலுக்கும் முன்னால், சட்டத்தின் பக்கமாக விழுந்தது. எடை பாதி கைகளில் இருந்தது, அதுவும் இடது கையில். அந்தத் தோள் காது வரைக்கும் ஏறி நின்றது.

பார்த்தவுடனே வேகமாகப் போடும் ரேபிட் ஸ்கெட்ச் பழக்கம் இன்றைக்குத்தான் கைகொடுத்தது. முதுகெலும்பின் வளைவு, இடது தோள், பாதங்கள் தரையைத் தொடும் இடம். முகம் வெறும் முட்டை. அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். பெருமையாக இருக்கிறது, படத்துக்காகவா அவருக்காகவா என்று பிரிக்க முடியவில்லை.

ஜூன் 18

தூக்கம் வரவில்லை. கடைவாய் இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா? 6ஆம் தேதிப் படத்தையும் 14ஆம் தேதிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஏறினது அவர் வாயா, என் கையா?

ஜூன் 19

அப்பா படத்தைக் காட்டச் சொன்னார். 14ஆம் தேதிப் படம். வெகுநேரம் பார்த்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று. இடது கை விரலால் தாளில் மறுபக்கத்துக் கடைவாயைத் தொட்டு, "இங்க" என்றார். ஒரு முழுச் சொல். தெளிவாக.

முதலில் எனக்கு உடம்பெல்லாம் பதறியது, எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியவில்லையோ என்று. அப்புறம் புரிந்தது. அவர் தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டும்தான் பார்க்கிறார். கண்ணாடியில் வலது, வலது பக்கமே நிற்கும். எதிரே உட்கார்ந்து வரைகிற எனக்கு அவருடைய வலது, தாளின் இடது பக்கம். நாங்கள் இரண்டு பேரும் இத்தனை நாளாக வேறு வேறு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கண்ணாடியை எடுத்துவந்து படத்தைக் காட்டினேன். பிழை கண்டுபிடிக்க எல்லோரும் செய்வதுதான் அது. மாற்றிப் பார்த்தால் சாய்வு பட்டென்று தெரியும். அப்பா கண்ணாடிக்குள் இருந்த படத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த தன்னையும் பார்த்தார். "ம்" என்றார். எனக்கோ கண்ணாடியில் இருந்தவர் யாரோ மாதிரி இருந்தார்.

ஜூன் 20

பென்சிலைக் கேட்டார், இடது கையை நீட்டி.

ஓவியர் கோபுலு பக்கவாதத்தில் வலது கை ஓய்ந்தபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டவர். இதை அப்பாவிடம் சொன்னேன். கேட்டாரா தெரியவில்லை. ஒரு வட்டம் போட்டார், அதற்குள் இரண்டு புள்ளி. புள்ளிகள் சரியாகப் பாதி உயரத்தில்.

ஜூன் 21

நாளைக்குக் காலையில் ஸ்கேன். சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஸ்கெட்ச் புக், 2பி, 4பி, ரப்பர் பையில் வைத்தாயிற்று. அங்கே காத்திருக்கும்போது அவருடைய வலது காதைப் போட வேண்டும், அதை இன்னும் தொடவே இல்லை