அணைக்கச் சொன்னால் அணைய வேண்டாமா?

நாள் முழுக்கத் தட்டச்சு செய்து பிழைக்கிறவன் நான். கை எப்போதும் விசைப்பலகையில்தான் கிடக்கும். வேலை முடிந்து கம்ப்யூட்டரை அணைக்கிற நேரத்தில் மட்டும் அதை எடுத்து மவுஸைப் பிடித்து, ஸ்டார்ட்டைத் திறந்து, பவர் குறியைத் தேடி, விரிகிற பட்டியலில் சரியான வரியைக் குறிபார்த்து அழுத்துவது எனக்கு ஒத்துவரவில்லை. மிஞ்சிப் போனால் நாலைந்து விநாடிதான் மிச்சமாகும், தெரியும். ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தானே. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டு, ஷட்டவுனைத் திரையோரத்து அமைப்புகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். குறுக்குவழி தேடும் பழக்கம் எனக்கு அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

நான் அதிகம் பயன்படுத்துவது இது: விண்டோஸ் கீயோடு எக்ஸ், அதை விட்டதும் யூ, மறுபடியும் யூ. பட்டியல் திறந்ததைக் கண் பார்ப்பதற்குள் அணையத் தொடங்கிவிடும். ஆங்கில விண்டோஸ் என்றால் இந்த எழுத்துகள். வேறு மொழியில் இருந்தால் பட்டியலில் அடிக்கோடிட்டுக் காட்டும் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, விண்டோஸ் கீயோடு டி அழுத்தி டெஸ்க்டாப்புக்கு வந்து, ஆல்ட்டும் எஃப்4உம். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் ஷட்டவுன்தான் தேர்வாகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்டர் தட்ட வேண்டியதுதான்.

மவுஸ்காரர்களுக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் செய்து வைப்பது சௌகரியம். வலது கிளிக், நியூ, ஷார்ட்கட். அது கேட்கிற இடத்தில் ஷட்டவுன் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டுச் சாய்கோடு (/) எஸ், மறுபடி இடைவெளி விட்டுச் சாய்கோடு டி, கடைசியில் இடைவெளி விட்டு 0. அந்த 0 எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. எண்ணே கொடுக்காவிட்டால் அதுவாக 30 விநாடி எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. 0 ஆபத்து, 10 கொடுத்தால் பத்திரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 0க்கு மேல் எந்த எண்ணைக் கொடுத்தாலும், திறந்திருக்கும் நிரல்களை வலுக்கட்டாயமாக மூடு என்ற உத்தரவும் சேர்ந்தே போய்விடுகிறது. சேமிக்காத கோப்பு இருந்தால் கேட்காமலே மூடிவிடும். 0 கொடுத்தால் அந்த வலுக்கட்டாயம் இல்லை. சேமிக்கவா என்று நிரல் கேட்பதற்கு இடமிருக்கும். உத்தரவுகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் விண்டோவில் ஷட்டவுனோடு சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டால் வருகிற உதவிக் குறிப்பிலேயே இது இருக்கிறது. யார் அதைப் படிக்கிறார்கள்?

என் அக்காவுக்கு இதெல்லாம் வேண்டாம். பெட்டியில் இருக்கும் பவர் பட்டனை அழுத்துவாள், அணையும்வரை விரலை எடுக்க மாட்டாள்.

"இப்படிப் பண்ணாதக்கா. ஒரு தடவை தொட்டுட்டு விட்டா போதும்."

"தொட்டா எங்கடா அணையுது? சுத்திக்கிட்டே இருக்கு. அழுத்திப் பிடிச்சா பொட்டுனு போயிடுது."

தொட்டு விடுவதும் பிடித்துக்கொள்வதும் ஒன்றல்ல. தொட்டு விட்டால் விண்டோஸுக்கு ஒரு செய்தி போகும். அது கோப்புகளை மூடி முறையாக அணைத்துக்கொள்ளும். சில கம்ப்யூட்டர்களில் ஸ்லீப்புக்குப் போகும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளலாம். நாலு விநாடிக்கு மேல் பிடித்தால் கதை வேறு. விண்டோஸைக் கேட்காமல் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வட்டில் பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும்.

ஆனால் அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுடைய கம்ப்யூட்டரில் ஷட்டவுன் கொடுத்தால் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அதற்கு எந்தக் குறுக்குவிசையும் உதவாது. உத்தரவைச் சீக்கிரம் கொடுப்பது வேறு, அந்த உத்தரவு சீக்கிரம் நிறைவேறுவது வேறு. விருந்தாளி "வரேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுகிற மாதிரி, உள்ளே யாரோ கிளம்பாமல் நிற்கிறார்கள். யார் என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு விண்டோஸிலேயே இடம் இருக்கிறது. விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்று இறங்கினால் ஆப்பரேஷனல் என்ற பதிவேடு வரும். 200 என்ற எண்ணுள்ள பதிவு, அணைய எவ்வளவு நேரம் ஆனது என்பதை மில்லிவிநாடியில் சொல்லும். அதை அடுத்த எண்களில் தாமதத்துக்குக் காரணமானது எது என்று பெயரோடு இருக்கும். அக்கா வீட்டுப் பெட்டியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது: பிரிண்டரோடு வந்த துணை நிரல். மை தீர்ந்தால் சொல்வதும் புது மை வாங்கச் சொல்வதும்தான் அதன் வேலை. நீக்கினேன். பிரிண்டர் முன்போலவே அச்சடிக்கிறது, கம்ப்யூட்டர் சட்டென்று அணைகிறது. "அப்பவே பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல" என்றாள் அக்கா. அவள் நன்றி சொல்வது அப்படித்தான்.

இணையத்தில் தேடினால் எல்லோரும் ரெஜிஸ்ட்ரிக்குள், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் கிடங்குக்குள், போகச் சொல்கிறார்கள். பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் மூடுவதற்கு விண்டோஸ் தரும் அவகாசம் 5000 மில்லிவிநாடி, அதை 2000 ஆக்கு என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த 5 விநாடி உச்சவரம்புதான். எல்லாம் ஒழுங்காக மூடிக்கொண்டால் அது காத்திருக்கவே போவதில்லை. காத்திருக்கிறது என்றால் ஏதோ ஒன்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். அதன் கழுத்தைச் சீக்கிரம் நெரிப்பதில் என்ன லாபம்? ரெஜிஸ்ட்ரியில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டென்றால், நினைவகம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை அணையும்போது அழிக்கும் அமைப்பு. 0 என்றிருக்க வேண்டும். யாராவது 1 ஆக்கியிருந்தால், ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய கோப்பு முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிட்டுத்தான் அணையும். பழைய சுழலும் வட்டாக இருந்தால் அதற்குள் பல் தேய்த்துவிட்டு வந்துவிடலாம்.

அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். இதுவும் விண்டோஸ் 8இல் வந்ததுதான். இது இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்கருவை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அங்கிருந்தே எழுந்துகொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போய் அப்டைம் என்பதைப் பாருங்கள். தினமும் ராத்திரி அணைத்திருந்தாலும் பல நாளாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு வரும். ஏதாவது கோளாறு வந்து "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு" என்று யாராவது சொன்னால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுனை அழுத்துங்கள், முழுதாக அணையும். மேலே சொன்ன ஷார்ட்கட்டும் முழுதாக அணைக்கிற வகைதான். மறுநாள் ஆன் ஆவது சற்றுத் தாமதமாகலாம்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வேறு உருவத்தில் வரும். கறுப்புத் திரையில் "ஸ்டாப் ஜாப்" ஓடுகிறது என்று ஒரு வரி, பக்கத்தில் ஒன்றரை நிமிஷக் கணக்கு. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி தரும் 90 விநாடி அவகாசம் அது. 2023இல் வந்த ஃபெடோரா 38 என்ற லினக்ஸ் பதிப்பில் அதை 45 ஆகக் குறைத்தார்கள். அந்த வரியிலேயே எந்தச் சர்வீஸ் என்ற பெயரும் இருக்கும், ஈவென்ட் வியூவர் வரை போக வேண்டியதில்லை.

இத்தனை வித்தையும் செல்லாத ஒரு சமயம் உண்டு. பவர் பட்டியலில் அப்டேட் அண்ட் ஷட்டவுன் என்று போட்டிருக்கும் ராத்திரி. அப்போது எதையும் முடுக்கிவிட முடியாது, பட்டனைப் பிடித்து அமுக்குவதற்கு அதைவிட மோசமான நேரமும் கிடையாது. அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்: திரையில் சதவீதம் ஓடினால் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு எழுந்து போ. கேட்பாளா என்று தெரியாது.